கட்டைவிரலில் வந்த கண்டம்

வீடியோ கேம் கடை நடத்துகிறவனுக்கு டிவிக்குள்ளே நடக்கிற சண்டையைப் பற்றிப் பயமே கிடையாது. வாசலில் கேட்கிற செருப்புச் சத்தம்தான் பயம்.

கடை வைத்துக் குப்பை கொட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும். மளிகையோ சைக்கிளோ எதுவாக இருந்தாலும், உள்ளே வருகிற ஆள் வியாபாரத்துக்கு வருகிறாரா, சண்டைக்கு வருகிறாரா என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டிய பிழைப்பு நம்முடையது. நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பயந்தவன். அதில் நியாயம் உண்டா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், இரண்டாயிரத்துக்கு அப்புறம் சில வருஷங்கள் என் கடை ஓடியது. ரோட்டைப் பார்த்த ஒரு ரூம், ரெண்டு டிவி, ரெண்டு கேம் பெட்டி, நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. அவ்வளவுதான் சொத்து. சுற்றிலும் தறி வீடுகள். கரண்ட் போனால் என் கடை செத்துவிடும், அவர்கள் தறிச் சத்தம் மட்டும் நிற்காது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருப்பேன்.

வாத்தியார் வந்தார்

ஒரு நாள் மத்தியானம் சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு கணக்கு வாத்தியார் மகனைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். நெற்றியில் பளிச்சென்று நாமம், கையில் மடக்குக் குடை. காலேஜில் படிக்கிற அவர் மகன் அப்போதுதான் ஒரு சண்டையைப் பாதியில் போட்டுவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தான். "யாரும் வரலியே சார்" என்றேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து டிவியைப் பார்த்தார்.

அதில் ஒரு மொட்டையும் ஒரு தாடிக்காரனும், ஆட்டி வைக்க ஆளில்லாமல், நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தார்கள். "இவா ரெண்டு பேரும் ஏன் அடிச்சுக்காம குதிச்சுண்டே இருக்கா?" என்று கேட்டார். யாராவது பட்டனை அமுக்கினால்தான் சார் அடிப்பார்கள் என்றேன். குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னார்:

"அப்போ தப்பு அவா மேல இல்லை. உம்ம மேலதான்."

குச்சி எங்கே?

இதெல்லாம் சில்லறைப் பயம். பெரிய பயம் ஒரு டிஸ்க் வடிவத்தில் வந்தது. தொண்ணூறுகளில் நாங்கள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு ஆடிய சண்டை கேம்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, புதுப் பெட்டிகளில் ஓடுகிற மாதிரி மறுபடியும் வெளியிட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் அது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு வீடியோ கேம் பார்லரில், பீரோ உயர மரப்பெட்டிக்குள் இருந்தது. உருண்டைத் தலை வைத்த குச்சி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதை உள்ளங்கையில் பிடித்து ஆட்டினால் உள்ளே இருக்கிறவன் பாய்வான், உதைப்பான். இப்போது குச்சியே கிடையாது. கைக்கு அடக்கமாக ஒரு ரிமோட், அத்தனையும் கட்டைவிரல் வேலை.

சேதி பரவியதும் லுங்கி கட்டிய முப்பது வயசு நெசவாளிகள் வந்து பெஞ்சை நிரப்பினார்கள். முதல் ஆள் தாமு என்கிற தாமோதரன், என்னோடு படித்தவன், தெருவிலேயே பேர் சொல்லும் தறிக்காரன். பழைய பார்லரில் அவனை ஜெயிக்க ஆள் கிடையாது. திரையில் அந்தக் காலத்துச் சண்டைக்காரனைப் பார்த்ததும் அவன் கண் கலங்கியதை நான் பார்த்தேன். ரிமோட்டைக் கையில் கொடுத்தேன். கண் கலங்கியபடியே வரிசையாகத் தோற்றான். கடைசியில் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"ஆளு அதே ஆளு, அடியும் அதே அடி. கைதான்பா வேற எவனோடதோ மாதிரி இருக்குது."

வாலாஜாபாத் சம்பந்தம்

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கல்யாணம் கூடி வந்தது. கேம் கடை என்ற ஒரே காரணத்துக்காக அதற்கு முன் வந்த இடமெல்லாம் தட்டிப்போயிருந்தது. வாலாஜாபாத்தில் வாணியைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தப் பெண்ணும் கிடைக்காமல் போய்விட்டால் என்ன செய்வேன் என்ற பயம்தான். ஒப்புக்கொண்டார்கள். மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் போட்டு முகூர்த்தப் புடவை வேண்டும் என்று வாணி சொல்லி அனுப்பினாள். வேறு யாரிடம் கொடுப்பேன்? தாமுவின் தறியில் அந்தப் புடவைக்குப் பாவு நூல் ஏறியது.

வாணியின் அம்மா, என் வருங்கால மாமியார், நெசவு வீட்டில் பிறந்தவர். நிச்சயத்தன்று வெற்றிலைத் தட்டை மாற்றிக்கொண்டதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகூர்த்தப் புடவையில் இழை இழுத்திருந்தால் அவர்கள் குடும்பத்தில் அது ஆகாதாம். அவருடைய பெரியப்பா மகளுக்கு அப்படி ஒரு சம்பந்தமே நின்றுபோயிருக்கிறதாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். 

"நான் கண்ணால பாக்கமாட்டேன் மாப்ள, கையால பாப்பேன். என் கைக்குத் தப்பினது எதுவும் இல்ல."

சுலோச்சனா காட்டிய விரல்

மறு வாரமே வாசலில் செருப்புச் சத்தம். தாமுவின் மனைவி சுலோச்சனா. திட்டவில்லை, கத்தவில்லை. அதுவே எனக்குப் பாதி உயிர் போகப் போதுமானதாக இருந்தது. புருஷனைப் பெஞ்சிலிருந்து எழுப்பி, அவன் வலது கையைப் பிடித்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள். கட்டைவிரலில் கொப்புளம் உடைந்து தோல் சொரசொரவென்று தூக்கிக்கொண்டிருந்தது. இடுப்பிலிருந்து ஒரு சின்னப் பட்டு நூலை எடுத்து அந்த விரல் மேல் ஓட்டினாள். நூல் கருவேல முள்ளில் சிக்கின மாதிரி மாட்டிக்கொண்டு நின்றது.

தறிக்காரன் கை வழவழப்பாக இருக்க வேண்டும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். விறகு பிளக்கக்கூட அவர்களை விடமாட்டார்கள். அறுந்த இழைக்கு முடிச்சுப் போடும்போது தோல் ஒரு இடத்தில் பிசிறு தட்டினாலும் பட்டு இழுத்துக்கொள்ளும். பழைய குச்சியில் உள்ளங்கை முழுக்கப் பிடித்து ஆடினார்கள், ஒன்றும் ஆகவில்லை. அதே சண்டையை ரிமோட்டில் ஆடினால் பாரம் மொத்தமும் ஒரே விரலில்.  சுலோச்சனா நூலை விடுவித்துக்கொண்டு சொன்னாள்:

"தறியில கெடக்கறது உங்க வீட்டுக்கு வரப்போற பொண்ணோட புடவை. பாத்துக்கங்கண்ணா."

கோழிக் குடும்பம்

பெட்டி ரிப்பேர் என்று தாமுவிடம் பொய் சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் பஸ் ஸ்டாண்டில் புதுசாக ஒரு கடை வந்திருக்கிறது, அங்கே போய்க்கொள்கிறேன் என்றான். அங்கே போனால் அவன் கட்டைவிரலை யார் பார்த்துக்கொள்வார்கள்? விரலில் துணி சுற்றி ஆட வைத்தேன், பட்டன் அமுங்கவில்லை என்று துணியைக் கழற்றி எறிந்தான். மஞ்சள் கலர் எதைப் பார்த்தாலும் எனக்கு அந்தப் புடவைதான் ஞாபகம் வந்தது. சாம்பாரைப் பார்த்தால்கூட.

கடைசியில் பழைய பார்லர்காரரைத் தேடிக்கொண்டு செவிலிமேட்டுக்குப் போனேன். கொல்லையில் அந்த மரப்பெட்டி இருந்தது, டிவி இருந்த இடத்தில் கம்பி வலை அடித்து. உள்ளே கோழிகள். குச்சி மட்டும் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது, அதன் உருண்டைத் தலையில் ஒரு சேவல் உட்கார்ந்து என்னை முறைத்தது. விஷயத்தைச் சொன்னேன். பெரியவர் ஸ்பேனரை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"குச்சியை நல்லா கழட்டிக்கினு போ. அடை காக்கற கோழியை மட்டும் எழுப்பிடாத."

எதிர் சீட்டு

எங்கள் தெரு டிவி மெக்கானிக் ஒரு ரிமோட்டைப் பிரித்து, குச்சியையும் பழைய பட்டன்களையும் அதோடு ஒயர் போட்டு இணைத்து, ஒரு பலகையில் பொருத்திக் கொடுத்தார். தாமு அதை மடியில் வைத்து உள்ளங்கையால் பிடித்தான். அவ்வளவுதான், பழைய தாமு திரும்பி வந்துவிட்டான். கொப்புளம் காய்ந்தது. சுலோச்சனாவே தினமும் தேங்காய் எண்ணெய் தேய்த்து, நூல் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவனைத் தறியில் இறக்கினாள்.

ஆனால் குச்சி ஒன்றுதானே? சுலோச்சனா செய்த காரியத்தில் தெருவில் எல்லா வீட்டுப் பெண்களும் விஷயம் தெரிந்து உஷாராகிவிட்டார்கள், எந்த நெசவாளியும் ரிமோட்டைத் தொடமாட்டேன் என்றான். எதிரில் ஆள் இல்லாமல் போனால் தாமு பஸ் ஸ்டாண்டுக் கடைக்குப் போய்விடுவான். அதனால் சாயங்காலம் அவன் தறியை விட்டு எழுந்து வந்ததும், ரிமோட்டை எடுத்துக்கொண்டு எதிர் சீட்டில் நானே உட்கார்ந்தேன். தினமும் உதை வாங்கினேன். ஒரு நாள் தாமு ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"நீ வாங்கற அடியைப் பாத்தா எனக்கே பாவமா இருக்குதுபா. ஆனா எழுந்துக்காத."

கை பார்த்த புடவை

புடவை தறியிலிருந்து இறங்கியது. வாணி வீட்டார் எங்கள் வீட்டுக்குப் பார்க்க வந்தார்கள். மாமியார், மாமனார், ஒரு சித்தப்பா, வாணி. தாமுவும் சுலோச்சனாவும் சுவரோரம் நின்றார்கள். தாமு இரண்டு கட்டைவிரலையும் முஷ்டிக்குள் மடக்கி வைத்திருந்தான். பாயில் புடவை விரிந்தது. மாமியார் கண்ணை மூடிக்கொண்டு ஒரு முனையிலிருந்து உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தார். முந்தானை வரை வந்து கண்ணைத் திறந்தார். "சுத்தமா இருக்குது" என்றார். சுலோச்சனா விட்ட மூச்சு எல்லாருக்கும் கேட்டது.

எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. அத்தனை நாள் பயந்தவனுக்கு ஒரே வார்த்தையில் எப்படிப் போகும்? அவர்கள் காபி குடிக்க ஆரம்பித்ததும் நைசாகக் குனிந்து, முந்தானையின் ஜரிகை மேல் என் கட்டைவிரலை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். பாதி வழியில் விரல் நின்றது. இழுத்தேன். ஒரு ஜரிகை இழை வளையமாக எழும்பிக்கொண்டு விரலோடு வந்தது. நிமிர்ந்தால் வீடே என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

சித்தப்பா டம்ளரைக் கீழே வைத்து, "சகுனம் சரியில்லையே அண்ணி" என்றார். மாமியார் என் கையைப் பிடித்துத் திருப்பினார். என் கட்டைவிரல் முழுக்கக் காய்த்துப்போய்க் கிடந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறைக்கவில்லை. டிஸ்க், கொப்புளம், கோழி, குச்சி, எதிர் சீட்டு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். கல்யாணம் நின்றால் காரணம் தெரிந்தாவது நிற்கட்டும் என்றுதான்.

அதுவரை வாயே திறக்காத வாணி கேட்டாள்: "அப்ப இந்தப் புடவைக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான் அந்த சீட்டுல ஒக்காந்தீங்களா?"

"ஆமா."

"ஒரு வாட்டியாவது ஜெயிச்சீங்களா?"

"இல்ல."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அம்மா பக்கம் திரும்பி, "நீ கை வெச்சுப் பாத்தப்ப சுத்தமா இருந்துச்சும்மா. எனக்கு இந்தப் புடவைதான் வேணும்" என்றாள். மாமியார் மகளைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். கடைசியில் சித்தப்பாவிடம், நிதானமாக, "நான் பாத்தப்ப இல்ல. அப்புறம் வந்தது சகுனத்துல சேராது, காபியைக் குடி" என்றார். சுலோச்சனாவிடம் ஊசி வாங்கி, எழும்பிய இழையை நுனியால் பின்பக்கம் தள்ளினார். தடவிப் பார்த்தார். இருந்த இடம் தெரியவில்லை. ஊசியைக் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"தாலி கட்ட வரப்போ மட்டும் அந்த விரல்ல துணி சுத்திக்கினு வாங்க, மாப்ள."

எங்கள் கல்யாண போட்டோவைப் பார்க்கிறவர்கள் எல்லாம் மாப்பிள்ளைக்குக் கட்டைவிரலில் என்ன கட்டு என்று கேட்கிறார்கள். சண்டையில் பட்டது என்று சொல்லிவிடுகிறேன், யாரும் அதற்கு மேல் கேட்கப் பயப்படுகிறார்கள்.