ரோட்டில் அறுபத்து மூன்று, வீட்டில் ஐம்பத்தெட்டு

டாக்சி டிரைவர் பெர்னார்ட் ஒரே பிறந்தநாளுக்கு இரண்டு கேக் வெட்டுகிறவர். ஏப்ரல் பதினொன்று காலையில், காக்ஸ் டவுன் வீட்டில் மனைவி ஜோசஃபின் சுட்ட கேக். மதியம், கன்டோன்மென்ட் ஸ்டேஷன் டாக்சி ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் வாங்கி வைத்த பேக்கரி கேக். 1996ஆம் ஆண்டு வீட்டுக் கேக்கில் ஐம்பத்தெட்டு என்று எழுதியிருந்தது. ஸ்டாண்டு கேக்கில் அறுபத்து மூன்று. இரண்டையும் மனச்சாட்சி உறுத்தாமல் சாப்பிட்டார்.

காரணம் 1953இல் இருக்கிறது. அப்பா இறந்துபோன கையோடு, பதின்மூன்று வயதில் ஸ்டாண்டில் வண்டி துடைக்க வந்தவர் பெர்னார்ட். பதினைந்தில் வண்டி நன்றாக ஓட்டுவார். ஆனால் வாடகை வண்டி ஓட்ட, சட்டையில் குத்திக்கொள்ளும் அந்தப் பித்தளை பேட்ஜ் வேண்டும். அதற்கு இருபது வயது முடிந்திருக்க வேண்டும். அம்மா ரத்தினம்மாள் தம் பிள்ளைக்கு இருபது என்று ஒரு காகிதத்தில் கைநாட்டு வைத்தார். முகம் மட்டும் பதினைந்திலேயே நின்றது. ஸ்டாண்டில் புதிதாகச் சேர்ந்திருந்த டிரைவர் கோவிந்தப்பா, விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, வேப்பங்குச்சியால் பெர்னார்டுக்கு ஒரு மீசை வரைந்துவிட்டார்.

சோதனை அன்று நல்ல வெயில். பாதி வழியில் வியர்வை வழிந்து வலதுபக்க மீசை காதுவரை போய்விட்டது. இடப்பக்கம் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டருக்கு இடதுபக்க மீசை மட்டுமே தெரியும். ஆகவே பெர்னார்ட் அல்சூர் ஏரிக்கரையைச் சுற்றித் திரும்பி வரும்வரை முகத்தைத் துளியும் அசைக்கவில்லை. பக்கத்தில் ஒரு கல்யாண ஊர்வலம் யானையோடு போனது, அதற்கும் திரும்பவில்லை. இன்ஸ்பெக்டர் கடைசியில், ‘சாலையிலிருந்து கண்ணை எடுப்பதே இல்லை, மிக நல்ல ஓட்டுநர்’ என்று எழுதி, பேட்ஜ் கொடுக்கச் சிபாரிசு செய்தார். இது பெர்னார்ட் சொல்வது. யானை இருந்திருக்காது என்று ஜோசஃபின் சொல்வாள். பக்கத்து வீட்டுக்காரியான நான் யானையை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கூட்டி எழுதிய அந்த ஐந்து வயது கல்யாணத்திலும் குறுக்கே வந்தது. 1963இல் பெண் கேட்டுப் போனபோது ஜோசஃபினின் அப்பா லைசென்ஸை வாங்கிப் பார்த்து, “முப்பது வயசுக்காரனுக்கு என் பொண்ணா?” என்று கதவைச் சாத்திவிட்டார். பெர்னார்ட் நேராகக் கோயிலுக்குப் போய், ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து பிறந்த வருடத்தை எழுதி, பாதிரியார் முத்திரை வைத்த சீட்டு ஒன்றை வாங்கி வந்தார். 1938. கதவு திறந்தது. வேலை முடிந்த சீட்டை ஜோசஃபின் தன் தகரப்பெட்டியில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்துவிட்டாள்.

ஆஸ்டின் டவுன் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சராக இருந்த காலத்தில், விடைத்தாள் கட்டுகளோடு வீடு திரும்பும் நாட்களில் பெர்னார்டின் அம்பாசடரில்தான் வருவேன். கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை. ஸ்டேஷனிலிருந்து வெளியே வருகிறவர்களின் பெட்டியைப் பார்த்தே அவர் மொழியைத் தேர்ந்தெடுப்பார். கயிறு கட்டிய டிரங்குப் பெட்டி என்றால் தமிழ், தேங்காய் மூட்டை என்றால் கன்னடம், சக்கரம் வைத்த சூட்கேஸ் என்றால் இங்கிலீஷ். தவறியதே இல்லை. ஒரு முறை பெட்டியே இல்லாமல் வந்த ஒருவரிடம் எதுவும் பேசாமல் மைசூர்வரை போய்வந்ததாகக் கேள்வி. ஆஸ்பத்திரி வாசலில் ஹாரன் அடிக்கமாட்டார். ஸ்டாண்டில் வரிசை நகரும்போது எஞ்சினைக் கிளப்பாமல் எல்லோருமாக வண்டிகளைக் கையால் தள்ளுவார்கள். அப்போது கோவிந்தப்பாவின் வண்டியையும் சேர்த்து இவரே தள்ளுவார்.

அந்த 1996 ஜூலையில் சங்கச் செயலாளர் நாகேஷ் ஒரு கட்டு காகிதத்தோடு ஸ்டாண்டுக்கு வந்தான். போக்குவரத்து இலாகா புதிய விதி கொண்டுவரப் போகிறது. அறுபது வயது முடிந்த டிரைவரின் பேட்ஜ் இனிப் புதுப்பிக்கப்படாது. முடிவு செய்வதற்கு முன் ஒரு கூட்டம். அதற்கும் முன் காகிதத்தில் டிரைவர்களின் கருத்தைக் கேட்கிறார்கள். பெயர், வயது, எத்தனை வருட சர்வீஸ், உங்கள் கருத்து என்று நான்கு கட்டங்கள்.

“எல்லாக் கட்டத்தையும் உண்மையா நிரப்புங்க. கேட்கிறதுக்காகத்தான் கேட்கிறாங்க” என்றான் நாகேஷ்.

“அறுபதுன்னு எழுதினவன் பேட்ஜை அங்கேயே புடுங்குவாங்க. சும்னே ஏன் வம்பு?” என்றார் கோவிந்தப்பா. அவருக்கு அறுபத்தாறு. யோசிக்காமல் ஐம்பத்திரண்டு என்று எழுதினார். அதைப் பார்த்து அடுத்தவர் ஐம்பது என்றார். மகனும் டிரைவராக இருந்த ஒருவர் நாற்பத்தொன்று என்று எழுதிவிட்டு, மகன் முப்பத்தொன்பது என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் கொஞ்சம் வருத்தப்பட்டார்.

பெர்னார்ட் மட்டும் வயதுக் கட்டத்தைக் காலியாக விட்டார். வீட்டுக்கு வந்து ஜோசஃபினிடம் அந்தச் சீட்டைக் கேட்டார்.

“கூட்டம் முடிஞ்சதும் ஆபீஸர்கிட்ட தனியா காட்டிடறேன். நிஜ வயசு அம்பத்தெட்டுதானே. இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டலாம்.”

“பதினஞ்சு வயசுல பேட்ஜ் வாங்கினது தெரிஞ்சுடுமே?”

“பதினஞ்சு வயசுப் பையன் செஞ்சதுக்கு அம்பத்தெட்டு வயசுக்காரனைப் பிடிப்பாங்களா?”

“பிடிக்கட்டும். வீட்ல உட்காந்து என் உயிரை எடுக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல்” என்று சொல்லிக்கொண்டே ஜோசஃபின் பெட்டியைத் திறந்தாள். ஆனால் சட்டையை இஸ்திரி போட்டு, சீட்டைப் பையில் வைத்து, பையை இரண்டு முறை தட்டிப் பார்த்தவளும் அவள்தான்.

பொதுமக்களும் வரலாம் என்று நோட்டீஸில் போட்டிருந்ததால், நானும் ஜோசஃபினும் கூட்டத்துக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். இலாகாவின் மாடி ஹாலில் காக்கிச் சட்டை கொள்ளாமல் வழிந்தது. மேசைக்குப் பின்னால் அதிகாரி கிருஷ்ணப்பா, பக்கத்தில் காகிதக் கட்டுகளோடு கிளார்க் மமதா. கிருஷ்ணப்பா கன்னடக்காரர். ஆனால் சிவாஜி நகரில் வளர்ந்தவர், எங்கள் தமிழ் அவர் வாயிலும் நன்றாகவே வந்தது.

“இருநூத்துப் பன்னெண்டு ஃபாரம் வந்திருக்கு” என்றார். “சராசரி வயசு நாப்பத்து மூணு. அறுபதைத் தாண்டினவங்க ஒருத்தர்கூட இல்ல. அதனால இந்த விதியால யாருக்கும் பாதிப்பு இல்லைன்னு எழுதி, ஃபைலை மேல அனுப்பிடறேன். ஆய்த்தா?”

எல்லோரும் பேட்ஜைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் வயதைக் குறைத்தார்கள். குறைத்ததாலேயே விதி நிறைவேறப் போகிறது. அடுத்த முறை பேட்ஜ் புதுப்பிக்கப் போகும்போது லைசென்ஸில் இருக்கும் நிஜ வயது எப்படியும் வெளியே வரும். நாகேஷ் எழுந்து, பாதியில் உட்கார்ந்துவிட்டான். தன் ஆட்கள் அத்தனை பேரும் பொய் எழுதினார்கள் என்று செயலாளர் எப்படிச் சொல்வது? கோவிந்தப்பா தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெர்னார்டுக்கு எந்தக் கவலையும் வேண்டியதில்லை. சட்டைப்பையில் சீட்டு இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். அவர் எழுந்து நின்றார்.

“நான் ஒருத்தன் இருக்கேன் சார். பெர்னார்ட், கன்டோன்மென்ட் ஸ்டாண்ட். அறுபத்து மூணு.”

மமதா அவருடைய ஃபாரத்தைத் தேடி எடுத்தாள். “வயசுக் கட்டம் காலியா இருக்கு சார்.”

“ஏன் எழுதல?” என்றார் கிருஷ்ணப்பா.

“கூச்சம் சார்.”

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். கோவிந்தப்பா பெர்னார்டின் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார். “உக்காருடா. உனக்கு ஏன்டா இது” என்று அடிக்குரலில் சொன்னார். அந்த ஹாலில் எங்களைத் தவிர பெர்னார்டின் நிஜ வயது தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மீசை வரைந்தவர் அல்லவா.

“இருநூத்துப் பன்னெண்டுல ஒருத்தர்” என்றார் கிருஷ்ணப்பா. “ஒருத்தருக்காக ஒரு விதியை நிறுத்த முடியுமா? நீங்களே சொல்லுங்க.”

“வயசுக் கட்டத்தை விடுங்க சார். பக்கத்துல சர்வீஸ் கட்டம் இருக்கு பாருங்க. வயசைக் குறைச்சு எழுதுவான் சார். சர்வீஸைக் குறைச்சு எழுத எந்த டிரைவருக்கும் மனசு வராது.”

“சரி, அதை வச்சு என்ன பண்ண?”

“இருபது முடியாம நீங்க பேட்ஜ் தர மாட்டீங்க. சர்வீஸோட இருபதைக் கூட்டிப் பாருங்க.”

கிருஷ்ணப்பா மேலாக இருந்த ஃபாரத்தை எடுத்தார். “கோவிந்தப்பா. வயசு அம்பத்திரண்டு. சர்வீஸ் நாப்பத்தஞ்சு.” கண்ணாடியைக் கழற்றினார். “யாருப்பா கோவிந்தப்பா? ஏழு வயசுலேர்ந்து டாக்சி ஓட்றீங்களா?”

கோவிந்தப்பா மெல்ல எழுந்தார். “ஆமா சாமி. அப்போ வண்டியெல்லாம் சின்னது.”

ஹால் சிரித்து அடங்க வெகுநேரம் ஆயிற்று. கிருஷ்ணப்பா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். மமதா சிரிக்காமல் காகிதங்களைப் புரட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

“நாப்பதும் அதுக்கு மேலயும் சர்வீஸ் இருக்கிறவங்க இருபத்தாறு பேர் சார். இவரையும் சேர்த்து.”

கிருஷ்ணப்பாவின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. பெர்னார்டை நேராகப் பார்த்தார். “இந்தக் கணக்கு நிக்கணும்னா எல்லாரும் இருபது முடிஞ்சுதான் பேட்ஜ் வாங்கியிருக்கணும். ஒருத்தர் முன்னாடியே வாங்கியிருந்தாலும், மேல இருக்கிறவங்க இதைத் தூக்கிப் போட்டுடுவாங்க. உங்க சர்வீஸ் நாப்பத்து மூணு. பேட்ஜ் வாங்கினப்போ உங்களுக்கு இருபது முடிஞ்சிருந்துதா?”

பெர்னார்டின் கை சட்டைப்பைக்குப் போனது. ஜோசஃபின் என் மணிக்கட்டைப் பிடித்தாள். என் இரண்டு கண்ணாடி வளையல்கள் அன்றோடு போயின. சீட்டை எடுத்தால் அவர் மட்டும் பிழைப்பார், இருபத்தைந்து பேரின் கணக்கும் விழுந்துவிடும். எடுக்காவிட்டால், விதி நிறைவேறுகிற நிமிடமே முதலில் போவது அவர் பேட்ஜ்தான்.

எதிர்ச் சுவரில் ஒரு மாதக் காலண்டர் தொங்கியது. பெர்னார்ட் அதையே பார்த்தார். இடமும் திரும்பவில்லை, வலமும் திரும்பவில்லை. அல்சூர் ஏரிக்கரையில் முகத்தை எப்படி வைத்திருந்திருப்பார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“முடிஞ்சிருந்துது சார்” என்றார்.

“ஹௌதா?” என்றார் கிருஷ்ணப்பா.

“ஆமா சார். அப்பவே எனக்கு நல்ல மீசை.”

கோவிந்தப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது. இரண்டு பேர் முதுகைத் தட்டவேண்டியிருந்தது.

கிருஷ்ணப்பா கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு மமதாவிடம், இந்த இருபத்தாறு பேர் மேல் பத்து வருடத்தில் எத்தனை விபத்து வழக்கு என்று எடுக்கச் சொன்னார். அடுத்த வாரம் விடை வந்தது. இரண்டு. அதில் ஒன்று, நின்றுகொண்டிருந்த வண்டிமேல் ஓர் எருமை வந்து முட்டியது. தப்பு எருமையின் பேரில்.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஜோசஃபின் பெர்னார்டின் பையிலிருந்து சீட்டை எடுத்து, சுருக்கம் நீவி, திரும்பவும் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்தாள்.

“ஆபீஸர்கிட்ட பொய் சொல்லிட்டீங்க. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போங்க.”

“நாப்பத்து மூணு வருஷமா அதே பாவத்தைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். ஃபாதருக்கே மனப்பாடம்.”

“சாப்பிட வாங்க” என்றாள். அன்றைக்கு மீன் குழம்பில் தலை அவருக்கே வந்தது.

நான்கு மாதம் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பெர்னார்ட் வழக்கம்போலக் காலையில் போனார், மாலையில் வந்தார். வாரத்துக்கு ஒரு முறை துடைக்கும் பேட்ஜைத் தினமும் துடைத்தார். நவம்பரில் உத்தரவு வந்தது. வயது வரம்பு இல்லை. அறுபது முடிந்தவர்கள் வருடத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் கண்ணையும் ரத்த அழுத்தத்தையும் காட்டிச் சான்றிதழ் வாங்கினால் போதும்.

ஆகவே ஐம்பத்தெட்டு வயதுக்காரர் அறுபதுக்காரர்களின் வரிசையில் போய் நின்றார். டாக்டர் அசந்துபோய், “இந்த வயசுல இப்படி ஒரு கண்ணா?” என்று தம் உதவியாளரையும் கூப்பிட்டுக் காட்டினாராம். பெர்னார்ட் அடக்கமாக, “கேரட் சார்” என்றாராம். அந்த வாரம் ஸ்டாண்டு முழுக்கக் கேரட் தின்றது.

கோவிந்தப்பாவுக்குக் கண் மங்கலாகத்தான் இருந்தது. டாக்டர் கனத்த கண்ணாடி ஒன்று எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு அவர் முதல் முறையாக ஸ்டாண்டுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன், மைத்துனி வீட்டுக்குப் போக வண்டி பிடிப்பதற்காக. நடந்த எதற்கும் அதுவரை அவர் பெர்னார்டிடம் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. பெர்னார்ட் இரண்டு வண்டிகளையும் தள்ளி நிறுத்திவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கோவிந்தப்பா கிட்டே வந்து, அவர் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, மூக்குக்குக் கீழே உற்றுப் பார்த்தார்.

“நரைச்சுப் போச்சேடா” என்றார். “நான் கறுப்பாத்தானே வரைஞ்சு விட்டேன்.”