ஒரு வெடி குறைந்த கிரகணம்

அன்று குவாரியில் இருந்தவர்கள்: வெடி வைக்கும் நான். என்னோடு வெடி எண்ணும் முனியப்பா. சூப்பர்வைசர் சீனிவாசன். கெலமங்கலத்தில் கல்யாண போட்டோ எடுக்கும் கிரீஷ். மற்றவர்கள் வரவில்லை. கிரகணத்தில் வெளியே தலைகாட்ட மாட்டோம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

எங்கள் குவாரி ராயக்கோட்டை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பச்சை என்று ஒன்று கிடையாது. கல்லை அரைத்த எம்-சாண்ட் மணல் மலை மலையாகக் கொட்டிக் கிடக்கும். அதைப் பார்த்துத்தான் கிரீஷ் வந்தான்.

“பாலைவனத்துல கிரகணம் புடிக்கணும்னா ராஜஸ்தான் போவணும். எனக்கு உங்க குவாரி போதும்ணா.”

ஒரு வாரம் காலையில் வந்து சூரியன் எங்கே நிற்கிறது என்று பார்த்தான். பள்ளத்தில் ஓர் இடம் பிடித்தான். அங்கே ஸ்டாண்டு வைத்தால் ஒன்பதரைக்கு, கிரகணம் உச்சத்தில் இருக்கும்போது, சூரியன் பெரிய மணல் மேட்டின் நுனியில் உட்காருமாம். நாங்கள் குழி போட்டிருந்த பாறை அங்கிருந்து ஐந்தடி.

வழக்கமாக மதியம்தான் வெடி. அன்று சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தலை முழுக வேண்டும் என்று முனியப்பா அவசரப்படுத்தினார். கல் அரைக்கும் கிரஷருக்குக் கல் இல்லை என்று சீனிவாசனும் சொன்னார். ஒன்பதுக்கே வைக்கிறேன் என்றேன். அது என் தப்பு. அவசரத்தில் திரியை ஒழுங்காக அளந்து வெட்டவில்லை. அளந்து வெட்டினால்தான் வெடிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழும், எண்ண முடியும்.

பத்துக் குழி. ஒவ்வொன்றுக்கும் தனித் திரி. விசில் அடித்து, செங்கொடி நட்டு, பற்ற வைத்துவிட்டுத் தகரக் கொட்டகைக்கு ஓடினேன்.

வெடியை இரண்டு பேர் தனித்தனியாக மனதுக்குள் எண்ணுவோம். முடிந்த பிறகுதான் வாய் திறப்போம். எண்ணிக்கை ஒத்துப்போகாவிட்டால் குறைந்ததுதான் கணக்கு. வெடிக்காத குழி ஒன்று இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அரை மணி நேரம் யாரும் பள்ளத்தில் இறங்கக் கூடாது.

முனியப்பா கன்னடத்தில் எண்ணுவார்.

“ஹத்து” என்றார். பத்து.

“எனக்கு ஒம்போது.”

“அய்யோ மேஸ்திரி, கடைசில ரெண்டு ஒண்ணா விழுந்துச்சு. காது எங்க போச்சு உனக்கு?”

விழுந்திருக்கலாம். நான் கேட்கவில்லை. மணி ஒன்பது ஏழு.

கிரீஷ் ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். லென்ஸுக்கு முன்னால் வெல்டிங் கண்ணாடியை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தான்.

“போலாமாண்ணா?”

“ஒம்போது முப்பத்தேழுக்குப் போ.”

“அப்ப கிரகணம் எறங்கிடும்ணா. சூரியனும் மேட்ட விட்டு மேல போயிடும்.”

“தெரியும்.”

சீனிவாசன் சொன்னார்: “பையன் ஒரு வாரமா அலையறான். முனியப்பாவும் பத்துன்னு சொல்றார். உடுப்பா.”

“அவன்கூட நீங்களும் எறங்குவீங்களா சார்?”

அவர் போனை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

கிரீஷ் நகர்ந்தான். நான் போய், கொட்டகையை ஒட்டிப் பள்ளத்துக்கு இறங்கும் பாதையில் உட்கார்ந்தேன். ஓர் ஆள் போகிற அகலம்தான்.

“அண்ணா, பந்தியில எல போடுறத எடுத்தே என் காலம் போயிடும். இந்த ஒரு படத்துக்காவத்தான் வந்தேன். பத்தும் வெடிச்சிருந்தா என்னா பண்ணுவ?”

“என் தப்புன்னு சொல்லுவேன்.”

“உன் தப்பு எனக்குப் படமாயிடுமா?”

உட்கார்ந்தே இருந்தேன்.

வெளிச்சம் ஒரு மாதிரி வெளுத்தது. காக்கைகள் கிரஷர் பெல்ட்டின் மேல் வந்து உட்கார்ந்தன. பழைய வெடிகளில் கல் பறந்து கொட்டகைத் தகரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கும். ஒவ்வொரு ஓட்டைக்கும் தரைத் தூசியில் ஒரு சின்னப் பிறை விழுந்தது. முனியப்பா அதை மிதிக்காமல் கால்களை மேலே தூக்கிக்கொண்டார். கிரீஷ் பார்க்கவில்லை. மணல் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பதரை ஆனது. கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தான்.

முப்பத்தேழுக்கு நான் மட்டும் இறங்கினேன். ஒவ்வொரு குழியாகக் குனிந்து, கல்லைப் புரட்டிப் பார்த்தேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு இரண்டுதான் சொல்வேன். சந்தேகம் வந்தால் குறைந்த எண்ணை எடு. போய்ப் பார்த்துவிட்டு வந்தால், பார்த்ததைச் சொல்.

மேலே ஏறி வந்தேன். கிரீஷ் பைக்கை ஸ்டார்ட் பண்ணாமல் உட்கார்ந்திருந்தான்.

“எத்தன வெடிச்சிருக்குண்ணா?”

“பத்து.”