நெல் களத்தில் ஓடிய பொகவண்டி

வெந்த நெல்லின் ஆவியும் உமிப் புகையும் கலந்த வாசனைதான் எனக்கு அப்பாவின் வாசனை. கள்ளக்குறிச்சியை அடுத்த ஓர் அரிசி ஆலையில் அவர் பாய்லர் பார்த்தார். அம்மா அதே ஆலையின் களத்தில் நெல் காயவைத்து, மூட்டைகளைத் தண்டவாளத்தில் ஓடும் தள்ளுவண்டியில் ஏற்றி, மற்றப் பெண்களோடு சேர்ந்து கிடங்குவரை தள்ளிக்கொண்டு போவார்.

எஞ்சினும் பெட்டியும் ஒன்றாகவே அமைந்து, ஊருக்கும் ஊருக்கும் நடுவே சோதனையாக ஓடிய நீராவி வண்டி ஒன்றின் படத்தை ஏதோ பழைய புத்தகத்தில் அப்பா பார்த்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. எங்கள் ஊரில் அன்று ரயில் கிடையாது. பார்க்க வேண்டுமென்றால் சின்னசேலம் போக வேண்டும். "இதே மாதிரி ஒண்ணு நம்ம களத்துல ஓடுச்சின்னா உனுக்கு இடுப்பு நோவாது" என்றார் அம்மாவிடம். முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, கழித்துப்போட்ட சிறு பாய்லரையும் ஒரு பழைய நீராவி எஞ்சினையும் தள்ளுவண்டியின் பின்பக்கம் பொருத்த அவருக்கு இரண்டு மாதம் பிடித்தது. களத்துப் பெண்கள் அதற்கு "பொகவண்டி" என்று பெயர் வைத்தார்கள்.

ஓட்டிப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். நானும் ஏறுவேன் என்று அடம்பிடித்தேன். "மொதல்ல நான் போய்ப் பாக்குறேன், அப்பறம் நீ வா" என்று என்னை இறக்கிவிட்டு அம்மா முன்பக்கம் மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். அப்பா பின்னால் பாய்லரருகே நின்று ஓட்டினார். வண்டி முக்கி முனகி நகர்ந்ததும் பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள். கிடங்குக்கு முன்னால் தண்டவாளம் சற்றே சரியும். அங்கே பிரேக் பிடிக்கவில்லை.

"குதி செல்வி, குதிச்சிடு!" என்று அப்பா கத்தினார். அவர் குதிக்கவில்லை, ஆவியை வெளியேற்றும் திருகோடு மல்லாடிக்கொண்டிருந்தார். அம்மாவும் குதிக்காமல், வண்டியின் முன்பக்கம் இருந்த நெல் மூட்டையைத் தண்டவாளத்தில் உருட்டித் தள்ளினார், பிறகு இன்னொன்றை. வண்டி மோதிக் குலுங்கி நின்றது. சீறிக் கிளம்பிய ஆவி இருவரையும் மறைத்துவிட்டது.

வெண்புகைக்குள்ளிருந்து முதலில் அம்மாவின் குரல் வந்தது: "ஏங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆவலியே?"

"ஒண்ணும் இல்ல. உனுக்கு?"

"முட்டிதான் செராஞ்சிப்போச்சி."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. முதலாளி ஓடிவந்தார், அப்பாவின் வேலை போயிற்று என்றே நினைத்தோம். அவர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆளுங்க நல்லா கீறீங்க இல்ல, அது போதும். அந்த பாய்லர எறக்கிடுப்பா" என்றதோடு சரி. அன்று மத்தியானம் அப்பா மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆலை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். தண்டவாளத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். போன மாதம் அங்கே பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, அன்று ஏன் குதிக்கவில்லை என்று அம்மாவிடம் கேட்டேன்.

"உங்கப்பா குதிக்கலியே" என்றார்.

பக்கத்து இலையில் இருந்த அப்பா, காதில் விழாதவர்போல, இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.