கொஞ்சம் வருத்தம், மிகுந்த வருத்தம்

அம்மா முப்பத்தொரு வருடம் அவசரப் பிரிவில் நர்ஸ். வேலை முடிந்து வந்ததும் செருப்போடு நாற்காலியில் சாய்ந்துவிடுவாள். குனிய இடுப்பு விடாது. நான்தான் கழற்றிவிடுவேன். சீருடைப் பையில் ஒரு கத்தரிக்கோல் இருக்கும். யாரும் இரவல் வாங்கிப் போகாதபடி பேண்டேஜ் துணியால் பையோடு முடிச்சுப் போட்டிருப்பாள்.

கையில் அவ்வப்போது கன்றிய தடம் தெரியும். கேட்டால், "ஸ்ட்ரெச்சர் இடிச்சுது" என்பாள். அந்த ஸ்ட்ரெச்சர் அடிக்கடி இடித்தது.

நான் வேலை பார்க்கும் நிறுவனம் அவளுடைய மருத்துவமனைக்கு ஒரு செயற்கை நுண்ணறிவு அமைப்பைச் செய்து கொடுத்தது. ஊழியர்களை யாராவது தாக்கக்கூடிய இடம் எது என்று முன்கூட்டியே சொல்வது அதன் வேலை. ஷிப்ட் மாறும்போது நர்ஸ்கள் கணினியில் எழுதும் குறிப்புகளை அது படிக்கும். எது ஆபத்து என்று அதற்குக் கற்றுக்கொடுத்தவள் நான். அடித்தார், தள்ளினார், மிரட்டினார் என்றால் ஆபத்து. அழுதார், வருந்தினார் என்றால் இல்லை.

ஒன்பது பிரிவுகளில் அம்மாவின் பிரிவுக்குத்தான் ஆபத்து மதிப்பெண் மிகக் குறைவு. அவசரப் பிரிவுக்கு அப்படி வருமா என்று ஒரு கணம் தோன்றியது. அம்மா இருக்கிறாளே, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"உன் வார்டுதான் இருக்கறதுலயே அமைதியாம்."

"யாரு சொன்னா?"

"மெஷின்."

"அதை ஒரு நாள் டியூட்டிக்கு அனுப்பிவைடி. மறுநாள் லீவு கேக்கும்."

சிரித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

நிர்வாகம் அந்த மதிப்பெண்ணைப் பார்த்து, இருந்த நான்கு காவலாளிகளைப் பிரித்துப் போட்டது. அவசரப் பிரிவு வாசலில் இருந்தவர் வேறிடத்துக்குப் போனார். பதினாறாம் நாள் காலை, தகப்பனைப் பறிகொடுத்த ஒருவர் அம்மாவைப் பிடித்துத் தள்ளினார். ஆக்சிஜன் சிலிண்டரில் தலை மோதியது. தையல் போட்டுக்கொண்டு வந்து குறிப்பும் எழுதியிருக்கிறாள். மதியம் மயங்கினாள். நான்கு நாளில் போய்விட்டாள்.

மருத்துவமனையில் அவளுடைய அலமாரியைக் காலி செய்யப் போனபோது குட்டி சிஸ்டர் கூட வந்தார். அம்மாவோடு பதினொரு வருடம் வேலை பார்த்தவர். வாசல் நிலையின் மேல்கட்டையில் தலை தட்டும் உயரம், அதனால் கேலியாக அந்தப் பெயர். அம்மாவின் கடைசிக் குறிப்பை அவரிடம் காட்டினேன். 'மூன்றாம் படுக்கை. 9.40க்கு இறப்பு. உறவினர் மிகுந்த வருத்தம்.'

"தள்ளிவிட்டதை எழுதவே இல்லையே சிஸ்டர்? அவரோட வருத்தத்தை மட்டும் எழுதியிருக்காங்க."

"உனக்குத் தெரியாதாம்மா? வருத்தம்னா அடி."

"என்னது?"

"கொஞ்சம் வருத்தம்னா கெட்ட வார்த்தை. வருத்தம்னா கை நீட்டியாச்சு. மிகுந்த வருத்தம்னா தையல். உங்கம்மா ஆரம்பிச்சுவச்சதுதான். அடிச்சாங்கன்னு எழுதினா விசாரணைன்னு ரெண்டு நாள் ஆபீஸ்ல உட்கார வைப்பாங்க. அந்த ரெண்டு நாளும் ஊசி யாரு போடறது, உன் மாமியாரான்னு உங்கம்மா கேப்பாங்க. எழுதாம விட்டா அடுத்த ஷிப்டுக்குத் தெரியாது. அதுக்குத்தான் இந்தச் சொல்லு."

விவரம் தெரிந்தவள் வீட்டிலேயே இருந்தாள். நான் கேட்கவில்லை.

"காவலாளியை இன்னும் போடலை," என்றார். "நாளைக்கு எனக்குக் காலை டியூட்டி."

மருத்துவமனையின் இரங்கல் கடிதமும் 'மிகுந்த வருத்தத்துடன்' என்றுதான் தொடங்கியது.

தவறு என்னுடையது என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். நான்கு வருடக் குறிப்புகளில் அந்தச் சொல் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு இடங்களில் இருந்தது. மொத்தமாக ஆபத்து என்று மாற்ற முடியாது. சில இடங்களில் அது வருத்தமேதான். மூன்று நாள், டியூட்டி முடிந்ததும் குட்டி சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். "இது அடி. இதுவும் அடி. இது பாவம், பச்சைக் குழந்தை போயிடுச்சு, நிஜமாவே அழுதாங்க." அம்மாவுடையதைக் கடைசியில் திருத்தினேன்.

மறு கணக்கில் அவசரப் பிரிவு முதலிடத்துக்கு வந்தது. காவலாளி வாசலுக்குத் திரும்பினார்.

அடுத்த வாரம் குட்டி சிஸ்டர் போன் செய்தார்.

"இன்னைக்கு ஒருத்தர் ஸ்டூலைத் தூக்கிட்டாரு. காவலாளி எழுந்து வந்து நின்னாரு. அவரும் இறக்கி வச்சுட்டாரு, அவ்வளவுதான். இதை எப்படி எழுதறது? கை தானா அந்தச் சொல்லுக்கே போகுது."

"நடந்ததை எழுதுங்க சிஸ்டர்."

"ஆபீஸ்ல கூப்பிடுவாங்களே."

"கூப்பிட்டா நானும் வரேன்."

மாலையில் குறிப்பு வந்தது. 'அடிக்க ஸ்டூலைத் தூக்கினார். அடிக்கவில்லை.'

ஆபத்து என்று அடையாளமிட்டேன். அடுத்த குறிப்புக்குப் போனேன்.