ஞானதாஸ் அண்ணன் விட்டுவைத்த ஆற்றங்கரை

ஆலயத்தில் பெண்கள் கூட்டம் முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. ஞானதாஸ் அண்ணனின் மகள். "மாமி, அப்பா போயிட்டாவ" என்றாள். செருப்பைப் போடாமலே வெளியே வந்துவிட்டேன்.

உங்களில் பலருக்கு அவர் பாலத்துப் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர். எனக்கு, பேரூராட்சி மன்றத்தில் கூடவே இருந்த உறுப்பினர். தேர்தலில் அவர் தந்த வாக்குறுதி ஒன்றுதான்: ஆற்றங்கரையில் பூங்கா. தாழையும் நாணலும் மண்டிக் கிடந்த புறம்போக்கை வெட்டித் திருத்திக் கரைச்சுவர், நடைபாதை, ஊஞ்சல், விளக்கு. அவர் கொண்டுவந்த தீர்மானமும் நிறைவேறியது.

ஆனி மழை தொடங்கிய ஒரு காலையில் இடம் பார்க்க என்னையும் அழைத்துப் போனார். புதுவெள்ளம் கரையேறிப் புல்லுக்குள் நின்றது. வேட்டியை மடித்துக் கட்டி இறங்கியவர், "அம்மோ!" என்று துள்ளினார். கணுக்கால் அளவு நீரில், முட்டையிட மேட்டுக்கு ஏறிவரும் மீன்கள் முதுகு தெரிய அவர் காலில் மோதி மோதிப் போயின. அப்பால் தாழை வேரடியில் ஒரு நீர்நாய் குட்டிகளோடு தலைதூக்கி எங்களைப் பார்த்தது. அண்ணன் அசையாமல் நின்றார்.

"லீலா, இதில செவரு கெட்டினா இதுவ எங்க ஏறும்?"

"எனக்கு எப்பிடித் தெரியும் அண்ணே? ஊஞ்சல் போடுவேன்னு ஓட்டு கேட்டது நீங்கதானே?"

"ஆமா மக்கா. கேட்டதும் நாந்தான், இனி வேண்டாம்னு சொல்லணும்னாலும் நாந்தான்."

அடுத்த கூட்டத்தில், தன் தீர்மானத்தைக் கைவிடும்படி அவரே கேட்டார். சிரித்தார்கள். "சிமெண்டு விக்கிறவரு சிமெண்டு வேண்டாம்ங்காரு!" என்றார் ஒருவர்.

"ஒருக்கா வந்து பாருங்க. பொறவு திட்டுங்க."

மறுநாள் குடை பிடித்துக்கொண்டு எல்லோரும் போனோம். யாரும் உருகிவிடவில்லை. சிறுவயதில் அதே புல்லில் மீன் பிடித்த தலைவர் மட்டும் வெகுநேரம் நின்றுவிட்டு, "கெடக்கட்டும்" என்றார். வண்டிகள் இறங்காதபடி கல்தூண் நட்டதோடு வேலை முடிந்தது.

அண்ணன் அடுத்த தேர்தலில் தோற்றார். "பூங்கா எங்க வேய்?" என்று கடை வாசலிலேயே கேட்டார்கள். முடிவு வந்த அன்று மாலை கடை பூட்டியிருந்தது. ஆற்றங்கரையில்தான் இருந்தார்.

"வெசனமா இருக்கா அண்ணே?"

"பின்ன இல்லாம? வெசனம் இல்லேன்னு சொன்னா கள்ளம்." நான் உட்கார நகர்ந்து இடம் விட்டார். "இஞ்ச வந்து இருந்தா கொஞ்சம் கொள்ளாம், மனசு ஆறுது."

பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில், ஆராதனை முடிந்ததும் அவரும் அண்ணியும் நானும் அங்கே போயிருக்கிறோம். அவித்த மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலும் அண்ணி இலையில் பொதிந்து கொண்டுவருவார். நீர்க்காகம் சிறகு விரித்துக் காயும். பேச்சின் நடுவே அண்ணன் சட்டென்று உதட்டில் விரல் வைப்பார். நாங்களும் மூச்சை அடக்கிக்கொண்டு அவர் பார்த்த திசையில் பார்ப்போம். அந்த ஞாயிறுகளை நினைத்தால் இப்போதும் வாயில் அந்தக் காரம் ஊறுகிறது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. நான் சொன்னது சரியில்லை என்று தெரிந்தால், சபையில் எழுந்து நின்றே அதைச் சொல்லிவிடுகிறேன். குரல் நடுங்கத்தான் செய்கிறது. தன் தீர்மானத்தைக் கைவிடச் சொன்ன அன்று அவர் குரலும் நடுங்கியது. பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும்.