இரண்டு கையும் நீட்டியவர்

எங்கள் முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போன பிறகு, துபாய் ஜெபல் அலி தொழிலாளர் கேம்ப்பில் சம்பளமும் மெஸ் சாப்பாடும் நின்றுபோயின. வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் குருத்வாராவிலிருந்து ஒரு வேன் வரும். நீல டர்பன், அரும்பு தாடி, மணிக்கட்டில் இரும்புக் காப்போடு ஒரு சீக்கிய இளைஞர் ரொட்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்குவார். எங்களைத் தரையில் வரிசையாக உட்காரவைப்பார். ஒற்றைக் கையை நீட்டினால் போடமாட்டார். இரண்டு கையையும் சேர்த்து ஏந்த வேண்டும்.

மூன்றாவது வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. வெல்டராக வந்தவன் நான்.

"பாய், நாங்க பிச்சைக்காரங்க இல்ல!" என்று தெரிந்த இந்தியில் கத்திவிட்டேன்.

அவர் முகம் வாடியது. கூடையை என்னிடம் கொடுத்து எழுப்பிவிட்டு, என் இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். இரண்டு கையையும் ஏந்தினார்.

"அச்சா பாய், நீங்க போடுங்க. எங்க கோயில்ல நானும் இப்படித்தான் வாங்குவேன்."

போட்டேன். ரொட்டியை நெற்றியில் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

பக்கத்திலிருந்த திருச்சிக்காரர் ஒற்றைக் கையை நீட்டினார்.

"ரெண்டு கையையும் நீட்டுங்கண்ணே," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.