உள்பக்கம் வெள்ளை

பனிக்காலம் பிறந்தால் போதும், அக்காவுக்கு வயிற்றைப் புரட்ட ஆரம்பித்துவிடும். குளிரெல்லாம் அவளை ஒன்றும் செய்யாது. பறவை பார்க்க வருகிறவர்களை நினைத்தால்தான் அப்படி.

கடலோரச் சரணாலயத்தில் பதினோரு பனிக்காலமாக அவள் தற்காலிகக் காவலர். அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் வந்ததும் பறவை பார்ப்பதற்கென்று கட்டிய மரக்குடிசையைப் பெருக்க வேண்டும். கடல் ஓதம் எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு இறங்கும் என்று வாசல் பலகையில் எழுத வேண்டும். கயிறு கட்டிய இடத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தரும் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலை இவ்வளவுதான். கேட்கச் சுலபமாக இருக்கிறது, இல்லையா? செய்து பாருங்கள்.

பெருக்குவது என்று சும்மா சொல்லிவிட்டேன். பலகை இடுக்கில் ஆரஞ்சுத் தோல் செருகியிருக்கும். பெஞ்சுக்கு அடியில் மென்று ஒட்டிய சூயிங்கம். குடிசைக்குப் பின்னால் போனால் டிஷ்யூ பேப்பர், எதற்கு என்று கேட்காதீர்கள். நூறடி நடந்தால் கழிப்பறை இருக்கிறது. நடந்தால் பறவை போய்விடுமாம். அடச் சீ! இவர்களுக்குப் பேர் இயற்கை ஆர்வலர்கள். கையுறை போட்டு அள்ளிக்கொண்டே அவர்களுடைய ஏழு தலைமுறையையும் வாய்க்குள் வைது தீர்ப்பாள்.

அதையும் சகித்துக்கொண்டாள். ஏனென்றால் அந்த வருஷம் காவலர் பதவி ஒன்று நிரந்தரமாகிறது. பதினோரு வருஷம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்த விஷயம். சரணாலயக் கமிட்டி கூடி முடிவெடுக்க வேண்டும். கமிட்டியில் பெரிய வாய் பறவைச் சங்கத் தலைவருக்கு. அவர் ஒரு பல்டாக்டர். எதிரில் இருப்பவரை வாயைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டுத் தானே பேசிப் பழகிய மனுஷன். சுத்தமான பூட்ஸ், சுத்தமான தொப்பி, பீரங்கி மாதிரி பெரிய தொலைநோக்கி. அவளிடம் மட்டும் எப்போதும் தன்மையாகப் பேசுவார். அவள் புருஷனுக்கு அந்தத் தன்மையே போதும், உருகிவிடுவான். அவன் அதே சரணாலயத்தின் வாசல் கேட்டில் சீட்டுக் கிழிக்கிறவன், நிரந்தர வேலை. டாக்டர் வண்டி தூரத்தில் தெரிந்தாலே எழுந்து நின்றுவிடுவான்.

அன்றைக்கு ஓதம் பத்து மணிக்கு முழுசாக ஏறியது. சேறெல்லாம் முங்கி, கரையை ஒட்டிய கிளிஞ்சல் மேடு ஒன்று மட்டும் வெளியே நின்றது. மேட்டில் ஒரே ஒரு உள்ளான். கூட்டத்தை விட்டுத் தனியாக எங்கிருந்தோ பறந்து வந்து அப்போதுதான் இறங்கியிருந்தது. நெஞ்செலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ஒற்றைக் காலில் நின்று, அலகை முதுகில் செருகி, செத்த மாதிரி தூங்கியது. தண்ணீர் இறங்குகிற வரைக்கும் அது அசையக் கூடாது. அசைந்தால் திரும்பி இறங்க வேறு இடம் கிடையாது. அக்கா குடிசைக்குள் போய் டாக்டரிடமும் அவரோடு வந்த பதினான்கு பேரிடமும் இதைச் சொன்னாள், இரண்டு தடவை.

அவர்களுக்கு வேறு கவலை. அந்த உள்ளானில் இரண்டு ஜாதி உண்டாம். நிற்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே இருக்குமாம். இறக்கையின் உள்பக்கம் சாம்பலாக இருந்தால் சாதாரணம், வெள்ளையாக இருந்தால் அபூர்வம். அபூர்வமென்றால் சங்கத்தின் பட்டியலில் புதுசாக ஒரு வரி ஏறும். ஒரு மணி நேரம் குசுகுசுவென்று விவாதம் நடந்தது. தூங்குகிற பறவை இறக்கையை விரிக்குமா? விரிக்கவில்லை.

அக்கா பலகையைத் துடைக்க வெளியே போன நேரம் பார்த்து டாக்டர் கயிற்றைத் தாண்டினார். அவள் கத்திக்கொண்டு ஓடி வருவதற்குள் பட்பட்டென்று இரண்டு தடவை கைதட்டிவிட்டார். உள்ளான் எழும்பியது. வெள்ளை. அப்பட்டமான வெள்ளை. பதினான்கு கேமராவும் சடசடவென்று அடித்தன. பாக்கிப் பேரும் கயிற்றை அறுத்துக்கொண்டு மேட்டின் ஓரம்வரை ஓடினார்கள்.

பறவை கடல் மேல் ஒரு வட்டம் போட்டுத் திரும்பி வந்தது. மேட்டருகே பதினைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மறுபடி ஒரு வட்டம். மூன்றாவது வட்டத்தில் இறக்கை தொங்கிப்போய்த் தண்ணீரில் விழுந்தது. ஒருமுறை தலையைத் தூக்கியது. பிறகு ஒரு அலை வந்து போனது, அவ்வளவுதான். இதைப் பார்த்தவள் அக்கா ஒருத்தி. மற்றவர்கள் குனிந்து கேமராவில் எடுத்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குடிசைக்குள் கொண்டாட்டம். பிஸ்கட் பொட்டலம் பிரிந்தது. அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, பட்டியலில் ஏற்றுவதற்கு முன் பறவையின் பெயரை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் ஒவ்வொருவராக "பார்த்தேன்" என்று சொல்ல வேண்டும். வாய் நிறையப் பிஸ்கட்டோடு பதினைந்து பேரும் சொன்னார்கள். அக்கா கீழே சிந்திய பிஸ்கட் தூளைப் பெருக்கித் தள்ளினாள்.

பிறகு டாக்டர் ஒரு படிவத்தை நீட்டினார். புதுப் பறவை என்றால் சரணாலய ஊழியர் ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். "பறவைக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமல் பார்க்கப்பட்டது" என்று அதில் அச்சடித்திருந்தது.

"அடுத்த வாரம் உங்க விஷயம் கமிட்டிக்கு வருதும்மா," என்றார் டாக்டர், பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே.

அக்கா பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போடும் இடத்தில், 'கைதட்டி விரட்டினார்கள். கடலில் விழுந்து செத்தது' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். டாக்டர் முகம் சுண்டிப்போயிற்று. படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். போச்சு வேலை, போகட்டும் என்று நினைத்துக்கொண்டு அவள் போய் அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக மனசு லேசாக இருந்தது.

அடுத்த வாரம் கமிட்டி கூடி ஏகமனதாக அவளுக்கே வேலையைக் கொடுத்தது. டாக்டரே முன்மொழிந்தாராம். ஆர்டரை வாங்கக் கூப்பிட்ட ஆபீஸ் கிளார்க், "உங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட அந்த அபூர்வப் பறவை பட்டியல்ல ஏறிடுச்சுக்கா," என்று சந்தோஷமாகச் சொன்னான். அவனைக் குடைந்து கேட்டதில் விஷயம் தெரிந்தது. அன்றைக்கு வண்டி வெளியே போகும்போது டாக்டர் கேட்டில் நிறுத்தி, புதுப் படிவம் ஒன்றை நீட்டியிருக்கிறார். மேட்டுப் பக்கமே எட்டிப் பார்க்காத புருஷன் நின்ற நிலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

ஆனாலும் ஆர்டரை வாங்கிக்கொண்டாள். மகள் காலேஜில் சேர வேண்டிய வருஷம்.

கேட்டுக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்தாள். புருஷன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"உனக்காகத்தானே போட்டேன். கோபமா?"

"கோபம் வந்தா ரெண்டு நாள்ல போயிடும். இது அருவருப்பு."

அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. "அப்போ ஆர்டரை மட்டும் எதுக்கு வாங்கினே?"

"அதையும் சேத்துத்தான் சொல்றேன்," என்றாள். "தள்ளி உக்காரு."

அவன் தள்ளி உட்கார்ந்தான். அவளும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.